டிக்கி சீட்டில் நின்ற பிள்ளை

‘நீ காரில் இருந்தது உன் மாமாவுக்குத் தெரியாது.’ அன்று நான் சொல்லாமல் விட்டது இந்த ஒரு வரிதான். உன் கல்யாணத்துக்கு யார் யாரை அழைப்பது என்று கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “என்ன இருந்தாலும் தாய்மாமன். ஸ்ரீரங்கத்துக்கு ஒரு நடை போய் வெத்தலை பாக்கு வச்சிட்டு வந்துடலாம்டா” என்றார். நீ தலையை நிமிர்த்தவில்லை. “எந்த மாமாப்பா? எனக்குத் தெரிஞ்ச மாமா அம்மாவோட தம்பிதான். அவரே எல்லாம் செய்யட்டும்” என்றாய். அப்பா என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனேன். அடுப்பில் பால் இல்லை. அணைந்த அடுப்பின் முன்னால் நின்றுகொண்டு, கூடத்தில் பேச்சு வேறு பக்கம் திரும்புகிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன். சமையல்காரரைப் பற்றிப் பேசத் தொடங்கினீர்கள். பிறகுதான் கூடத்துக்குத் திரும்பி வந்தேன்.

இப்போது நீ உன் மனைவியோடு போபாலில் இருக்கிறாய். புது வேலை, புது வீடு. போன வாரம் எழுதிய கடிதத்தில், ஆபீஸ் நண்பர்களிடம் நம் பழைய காரைப் பற்றிச் சொன்னதாகவும், டிக்கியில் உட்கார்ந்து காவிரிப் பாலம் தாண்டியதை யாருமே நம்பவில்லை என்றும் எழுதியிருந்தாய். சிரித்துக்கொண்டே எழுதியிருப்பாய். நான் அதைப் படித்துவிட்டு, மூன்றாம் நாள் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் காரை உன் நண்பர்கள் நம்பாததில் வியப்பில்லை. இப்போது டிக்கி என்றால் பெட்டி படுக்கை வைக்கிற இடம். அந்தக் காரில் அது ஒரு சீட். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், அவ்வளவுதான் கார். பின்பக்கத்து மூடியைப் பிடித்துத் தூக்கிப் பின்னால் சாய்த்தால் மூடியின் உட்புறமே முதுகு சாய்கிற பலகையாகிவிடும். மேலே கூரை கிடையாது, பக்கத்தில் கதவு கிடையாது. மட்கார்டின் மேல் கால் வைத்து ஏற வேண்டும். பொன்மலை ரயில்வே பட்டறையில் இருந்த ஒரு துரை ஊருக்குக் கப்பலேறும்போது விட்டுப்போன கார் அது. பட்டறையில் வேலை பார்த்த அப்பா அதை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைதோறும் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டி ஓட்டினார். தெருவில் எல்லோரும் அதை “பின்பக்கம் திறந்த துரை வண்டி” என்று கேலி செய்வார்கள். நீ மட்டும் டிக்கியில் ராஜா மாதிரி உட்கார்ந்து, சைக்கிளில் வருகிறவர்களுக்கெல்லாம் வழி விடுங்க, வழி விடுங்க என்று கையை ஆட்டுவாய். பாலத்தில் ஏறியதும் காற்று உன் சட்டையை உப்ப வைக்கும். உனக்கும் எனக்கும் நடுவில் இருந்தது, என் தலைக்குப் பின்னால் கைக்குட்டை அகலத்தில் ஒரு கண்ணாடி. அதைத் தட்டினால் நான் திரும்பிப் பார்ப்பேன். நீ மூக்கை அதில் அழுத்தி நசுக்கிக் காட்டுவாய்.

சிறுவயதில் எனக்கும் அப்படி ஒரு சீட் இருந்தது. என் அப்பா உறையூரில் வாத்தியார். சைக்கிள் பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்துக்கொண்டு நூலகத்துக்கு அழைத்துப் போவார். ஒரு பக்கம் கால் மரத்துப் போகும். ஆனால் பாரில் உட்கார்ந்த பிள்ளையின் உச்சந்தலையில் ஓட்டுகிறவரின் மூச்சு பட்டுக்கொண்டே இருக்கும். மேட்டில் ஏறும்போது அந்த மூச்சு வாங்குவது தெரியும், இறக்கத்தில் தணிவது தெரியும். டிக்கியில் உட்கார்ந்த பிள்ளைக்கு அதெல்லாம் இல்லை. முன்னால் இருக்கிறவர்கள் என்ன பேசுகிறார்கள், எங்கே நிறுத்தப் போகிறார்கள் என்பதுகூடத் தெரியாது. அவன் நம்பி உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான். இதை நான் அப்போது யோசிக்கவில்லை. பிறகுதான் யோசித்தேன். பிறகு யோசிப்பது எனக்குப் பழகிப்போன குணம்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது, உனக்கு ஐந்து. உன்னைப் பெற்றவளை நான் பார்த்ததில்லை. அக்கா என்று சொல்லித்தான் பழக்கம். அக்கா போய் வருஷம் திரும்புவதற்குள் என்னைக் கட்டிக்கொண்டதில் உன் அப்பாவுக்குக் கூச்சம் இருந்தது. அந்தக் கூச்சத்தில் ஸ்ரீரங்கத்தில் அக்கா பிறந்த வீட்டு வாசலை அவர் மிதிக்கவே இல்லை. ஆனால் உன் மாமா முறை தவறாத மனிதர். இரண்டாவதாக வந்தவளும் அந்த வீட்டுக்கு மகள்தான் என்பது அவர்கள் வழக்கம். அக்காவுக்கு வருஷாவருஷம் ஆடிப் பதினெட்டுக்கு எடுத்துக் கொடுத்துவந்த புடவையை அவர் அந்த வருஷமே எனக்கு எடுத்துக் கொடுத்தார். முன்பின் தெரியாத என்னை, “வாம்மா தங்கச்சி” என்று கூப்பிட்டார். நானும் அண்ணே என்று கூப்பிட்டுப் புடவையை வாங்கிக்கொண்டேன். தங்கையின் பங்கு எனக்கு வந்தது. தங்கையின் பிள்ளை அவருக்குப் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

மாமாவுக்குப் பிள்ளை இல்லை. கோபுரத்துக்கு உட்பக்கம் தெருவில் பாத்திரக் கடை, கடைக்கு மேலே வீடு. இரண்டாவது வருஷம் புடவை கொடுக்கும்போது, “பையன் இங்கயே இருந்து படிக்கட்டுமேம்மா. எங்களுக்கும் வீடு வெறிச்சுனு இருக்கு. லீவுக்கு லீவு உங்ககிட்ட வரட்டும்” என்றார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. என்னைக் குறை சொல்லவும் இல்லை. ஆனால் எனக்குப் பயமாகிவிட்டது. நீ அப்போது என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாய். உனக்கு இட்லி ஊட்டி, சட்டைக்குப் பித்தான் தைத்து, ராத்திரி கதை சொல்லித் தூங்க வைத்தவள் நான். உன் மாமாவோடு இருந்துவிட்டு வந்த சாயங்காலங்களில் நீ அக்காவைப் பற்றிக் கேட்பாய். அவள் இப்படிச் சிரிப்பாளாமே, இப்படிப் பாடுவாளாமே என்பாய். ஸ்ரீரங்கத்துக்குப் போய்வரும் ஒவ்வொரு தடவையும் நீ என்னிடமிருந்து கொஞ்சம் தூரம் போய்த் திரும்புகிறாய் என்று தோன்றும். அதோடு பொன்மலைக் காலனியில் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்ற பயமும் இருந்தது. சித்தி வந்தாள், பையனை அனுப்பிவிட்டாள் என்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தேனா, உன்னை இழப்பதற்குப் பயந்தேனா என்று என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். இரண்டும்தான்.

அடுத்த ஆடிப் பதினெட்டுக்கு மூன்று பேரும் காரில் கிளம்பினோம். காவிரி இரு கரையும் தொட்டு ஓடியது. பாலத்தில் கூட்டம், மாம்பழச்சாலையில் அதைவிடக் கூட்டம். ஊர்ந்து ஊர்ந்து போனதில் ராடியேட்டர் கொதித்துப் புகைய ஆரம்பித்தது. மொட்டைக் கோபுரத்தை அடைந்ததும் அப்பா அதன் நிழலில் காரை ஓரங்கட்டினார். “இதுக்கு மேல இது நகராது. ஆறட்டும். நீங்க ரெண்டு பேரும் கடைக்குப் போயிட்டு வாங்க. நான் அம்மா மண்டபத்துப் படித்துறையில ஒரு முழுக்கு போட்டுட்டு வந்துடறேன்” என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் கூட்டத்தில் மறைகிறவரை நான் நின்றேன். நீ டிக்கியிலிருந்து இரண்டு கையையும் நீட்டினாய், இறக்கிவிடச் சொல்லி. எட்டு வயதுதான் என்றாலும் நீ அப்போது மெலிந்த குட்டைப் பிள்ளை. தானாக ஏறிவிடுவாய், இறங்கத்தான் பயம்.

நான் உன்னை இறக்கவில்லை. “மாமா கடையில கூட்டமா இருக்கும். நான் முதல்ல போய்ப் பார்த்துட்டு வந்து கூப்பிடறேன். நீ இங்கயே இரு” என்றேன்.

“நானும் வரேன் சித்தி. நான் ஓரமா நின்னுக்கறேன்.”

“சொன்னா கேக்கணும். தனியா இறங்காத. மூடி சாய்ஞ்சு விழுந்தா கை நசுங்கிடும்.”

அந்த மூடி அப்படி விழாது. அப்பா அதற்குக் கொக்கி போட்டிருந்தார். உனக்கு அது தெரியாது. நீ கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாய்.

கடையில் மாமா எனக்காகவே காத்திருந்தார். என் பின்னால் எட்டிப் பார்த்தார். “எங்கம்மா பையன்?” என்றார். காய்ச்சல், பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்றேன். இவ்வளவு சுலபமாகப் பொய் வரும் என்று எனக்கே தெரியாது. அவர் முகம் வாடியது. “மழைத்தண்ணியில ஆடியிருப்பான். கஷாயம் வச்சுக் குடும்மா. காய்ச்சலோட இருக்கற பிள்ளையை விட்டுட்டு நீ இந்தக் கூட்டத்துல வரணுமா? சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே” என்று என்னைக் கடிந்துகொண்டார். உனக்காக வாங்கி வைத்திருந்த பூந்திப் பொட்டலத்தைப் புடவையோடு சேர்த்துக் கொடுத்தார். பிறகு, நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கொஞ்ச தூரம் வருகிறேன் என்று கடையை விட்டு இறங்கி என்னோடு நடந்தார்.

தெரு நேராகக் கோபுரம் வரை போகிறது. கூட்டத்தின் தலைகளுக்கு மேல் நீ தெரிந்தாய். டிக்கி சீட்டின் மேலேயே ஏறி நின்றுகொண்டு இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாய். வாய் திறந்து மூடியது. என்ன கூப்பிட்டாய் என்று அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். மாமாவுக்குத் தூரத்துப் பார்வை கொஞ்சம் குறைவு. கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார். “அது உங்க கார்தானே? பின்னாடி யாரோ நிக்கற மாதிரி இருக்கே” என்றார்.

நான் சொன்னேன்: “தெருப் பிள்ளைங்கண்ணே. அந்த சீட்டைக் கண்டா ஏறி ஏறி விளையாடுதுங்க.”

அவர் சிரித்தார். “இறங்கச் சொல்லும்மா. விழுந்து வைக்கப் போகுதுங்க” என்றார். அப்பா காருக்குப் பக்கத்தில் இருப்பார் என்று நினைத்திருக்க வேண்டும். அப்பாவை நேருக்கு நேர் பார்க்க அவருக்கும் சங்கடம். அங்கேயே நின்று, திரும்பி, கடையைப் பார்க்க நடந்தார். அவர் உன்னைப் பார்த்ததையும், சிரித்ததையும், முதுகைத் திருப்பிக்கொண்டு போனதையும் நீ அந்த உயரமான இடத்திலிருந்து முழுவதும் பார்த்தாய்.

நான் வந்தபோது நீ உட்கார்ந்துவிட்டிருந்தாய். “நான் வந்திருக்கேன்னு மாமாகிட்ட சொன்னீங்களா சித்தி?” என்று கேட்டாய். சொன்னேன் என்றேன். கடையில் வேலையாம், வர முடியாதாம் என்றேன். நீ அழவில்லை. பொட்டலத்தை நீட்டினேன். யார் கொடுத்தது என்று கேட்டாய். நான் வாங்கினேன் என்று சொன்னேன். அதைத் தின்றாய்.

திரும்பும் வழியில் பாலத்தின் நடுவில் கண்ணாடி தட்டும் சத்தம் கேட்டது. அப்பா நிறுத்தினார். முன்னால் வரணுமாம் என்றார். உன்னை இறக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். உன் உடம்பு சில்லென்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “அம்மா, இனிமே நாம ஸ்ரீரங்கம் வர வேணாம்மா” என்றாய். நீ என்னை அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அப்பா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். உன்னை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். நான் தவறு செய்தேன் என்பது அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். அந்த நிமிஷத்தைப்போல நான் என் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்ததும் இல்லை. இரண்டையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அன்றிரவே சொல்லியிருக்கலாம். அடுத்த நாள், அடுத்த மாதம், எப்போது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு தடவை நீ அம்மா என்று கூப்பிடும்போதும் சொல்ல வேண்டும் என்று தோன்றும்; அதே கூப்பிடுதல்தான் என் வாயை அடைக்கும். மாமா ஆள் மேல் ஆள் அனுப்பினார். பரீட்சை என்றேன், ஊரில் இல்லை என்றேன். ஒரு தடவை அவரே பொன்மலைக்கு வந்தார். உனக்குப் பத்து வயதிருக்கும். அவர் வாசலில் வருவதைப் பார்த்ததும் நீ ஓடிப்போய்க் கொட்டகையில் நின்ற காரின் டிக்கியில் ஏறி உட்கார்ந்துகொண்டாய். அவர் காருக்குப் பக்கத்தில் போய் நின்று, “என்னடா மாப்ளே, மாமாவைப் பார்த்தா பயமா? இறங்கி வாடா. இல்லைன்னா என்னையும் ஏத்திக்க, ரெண்டு பேரும் எங்கயாவது போயிடலாம்” என்று கிண்டல் செய்தார். நீ நேராகப் பார்த்துக்கொண்டு, “எனக்கு வேலை இருக்கு. வர முடியாது” என்றாய். அவர் அதைக் கேட்டுக் கடகடவென்று சிரித்தார். நான் கையில் காபி டம்ளரோடு நின்றேன். நீ யாருடைய வார்த்தையைத் திருப்பிக் கொடுத்தாய் என்று அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அரை மணி நேரம் கெஞ்சிப் பார்த்துவிட்டு, “அப்பனோட பிடிவாதம் அப்படியே இருக்கு” என்று சொல்லிக்கொண்டு போனார். படியிறங்கும்போது, “நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனாம்மா?” என்று என்னைக் கேட்டார். சின்னப் பிள்ளைங்கதானே அண்ணே, சரியாயிடும் என்றேன். அதன் பிறகு அவர் வரவில்லை. ஆடிப் பதினெட்டுக்குப் புடவை மட்டும் ஆள் மூலம் வந்துகொண்டிருந்தது. நான் அவற்றை உடுத்திக்கொண்டேன். நீ பார்த்திருக்கிறாய்.

நான் நிறையப் படிப்பவள் என்று உனக்குப் பெருமை. நான் படித்த கதைகளில் சித்திகள் பிள்ளைக்குச் சோறு போடமாட்டார்கள், சூடு வைப்பார்கள். நான் உனக்கு நன்றாகச் சோறு போட்டேன். உன்னைக் கை நீட்டி அடித்ததில்லை. அதனால் அந்தக் கூட்டத்தில் நான் சேர்ந்தவள் இல்லை என்று நீண்ட நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையிடமிருந்து சோற்றை மட்டும்தான் பறிக்க முடியும் என்று அந்தக் கதைகளை நம்பிவிட்டேன்.

உன் கல்யாணத்தில் என் தம்பி உனக்குப் பட்டம் கட்டினான். தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் அவன் நின்றான். மண்டபத்தில் என் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். “சொந்த மாமன் எட்டிக்கூடப் பார்க்கலையே.” “பாத்திரக் கடை வச்சிருக்கார்ல, தாம்பாளம் வைக்க வேண்டி வருமேன்னு பதுங்கிட்டார் போல.” சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு நாம் அழைப்பே அனுப்பவில்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இந்தக் கடிதத்தை உனக்குத் தபாலில் போட்டுவிட்டு, நம் பேர் போடாமல் பத்திரிகைக்கும் அனுப்பப் போவது அதனால்தான். நாலு பேர் நடுவில் அவரைப் பற்றிப் பேசினார்கள். நாலு பேருக்குத் தெரிந்தால்தான் அந்தப் பேச்சு நிற்கும். நம்மை அறிந்தவர்கள் கண்டுபிடித்துக்கொள்வார்கள். அப்பாவிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து போய்க் காலியாக இருக்கும் கார்க் கொட்டகையில் வெகுநேரம் நின்றிருந்தார்.

நாளை உனக்கும் பிள்ளை பிறக்கும். உன் மனைவிக்கு அவளுடைய வீட்டார் இருக்கிறார்கள். அவர்கள் வந்து போன பிறகு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும், அது உன்னால் வந்ததில்லை என்று உனக்கு உறுத்தும். உறுத்தட்டும். அதோடு இருந்து பழகு. நான் உன்மேல் வைத்த பாசம் பொய்யில்லை. ஆனால் அதற்கு இடம் போதவில்லை என்று இன்னொருவரை வெளியே நிறுத்தினேன். யாராவது உன்னை உதாசீனம் செய்தார்கள் என்று உனக்குத் தோன்றினால், அதை உன்னிடம் சொன்னவர் யார் என்று ஒரு தடவை யோசி. சொன்னவர் உன் அம்மாவாக இருந்தாலும், நேரில் போய் அவரையே கேள். எட்டு வயதில் உனக்கு அந்த வழி இல்லை. இறங்காதே என்று நான் சொல்லியிருந்தேன்.

என்னை மன்னிக்கும்படி கேட்க இதை எழுதவில்லை. நீ இனி என்னை எப்படிக் கூப்பிடுவாய் என்று நினைக்காமல் இந்தக் கடிதத்தில் ஒரு வரியைக்கூட எழுத முடியவில்லை. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இதுவரை எழுதி முடித்த மறுநாள் காலை, தபாலில் போடுவதற்கு முன், டவுன் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். மாமா கடையில் தனியாக உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், “அங்க நின்னது நம்ம பையனா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “கையை ஆட்டினானே” என்றார். பிறகு நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன், விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு, ஜங்ஷனுக்குப் போய்ப் போபாலுக்கு ரயில் ஏறினாராம். அவருக்கு இந்தி தெரியாது. மெட்ராஸைத் தாண்டி எங்கேயும் போனதில்லை.